சாமி முன்னால் ஐந்து சக்கரங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். கோபம் வந்தால் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வதும் என் வழக்கம். ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். சாமிக்கு ஆகாது என்பேன். அதற்கு மேல் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது.

அப்போது நாங்கள் வியட்நாமில் குச்சி என்ற ஊரில் இருந்தோம். சைகோனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்; நெல்வயலும் மாடும் ரப்பர் மரமுமாக இருக்கும் பட்டிக்காடு. இப்போது அதையும் நகரத்தோடு சேர்த்துவிட்டார்களாம். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கிளார்க். எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் காரைக்கால். கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள் நான்.

அந்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளியும் போய்விட்டார். பத்ரோன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நாய்களைக்கூடக் கூட்டிக்கொண்டு போனவர், பழைய கறுப்புக் காரை மட்டும் கொண்டுபோக முடியாமல் என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனார். வண்டி கிழம். ஆனால் சக்கரங்கள் மட்டும் அப்படி இருக்காது. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் ஒரு கிறுக்கு.

தமிழ் மாசம் பிறந்தால் போதும், மனுஷன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு ரிம்மின் உள்பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர் போட்டு வைத்திருந்தார். முன்னால் இருப்பது பின்னால் போகும். பின்னால் இடது பக்கம் இருப்பது முன்னால் வலது பக்கம் வரும். ஸ்டெப்னிக்கும் ஒரு முறை உண்டு; அதுவும் வந்து தரையில் ஓடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்தச் சக்கரம் எந்த மாசம் எங்கே இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதியும் வைப்பார். சண்டைக் காலத்தில் புது டயர் கண்ணில் படாது. இருக்கிற ஐந்தையும் ஒரே மாதிரி தேயவிட்டால்தான் வண்டி ஓடும் என்பது அவர் கணக்கு.

"ஒரே டயரு எல்லா அடியையும் வாங்கக்கூடாது. ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கணும்" என்பார்.

"அத்தான், உங்க வூட்டு சக்கரத்துக்கு இருக்கிற யோகம் எங்களுக்கு இல்லையே. மாசத்துக்கு ஒரு எடம் பாக்குதுங்க" என்று என் தங்கை கிண்டல் பண்ணுவாள்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயசு சின்னவள். அவளை ஒரு பட்டாளத்துக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். காரைக்கால் பையன்தான், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இங்கே சண்டைக்கு வந்தவன். வடக்கே காலில் குண்டடி பட்டு, அவனைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவர்களுடைய பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. தாயும் பிள்ளையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று வருஷம் இருந்தார்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அந்தக் குழந்தை என் கையில் சோறு தின்றது, என் பக்கத்தில் படுத்தது, ராத்திரி பயந்தால் அம்மா என்று கத்தாமல் "பெரிம்மா" என்று கத்தியது. அது போதும் உங்களுக்குப் புரிய.

தங்கை புருஷன் பிரான்சிலிருந்து மாசம் தவறாமல் கடிதாசி போடுவான். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, நடக்கிறதா, அப்பாவைக் கேட்கிறதா என்று பக்கம் பக்கமாக எழுதுவான். தங்கை சத்தம் போட்டு வாசிப்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல். அவன் பேச்சு வந்தாலே பாத்திரத்தை டமால் என்று வைப்பேன்.

புரட்டாசியில் பயணச் சீட்டு வந்தது. பட்டாளத்துக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கப்பல் போகிறது, விஜயதசமிக்கு மறுநாள் சைகோன் துறைமுகத்தில் ஏற வேண்டும் என்று. இதுதான் கடைசிக் கப்பல் என்றும் சிலர் சொன்னார்கள், இன்னொன்று வரும் என்றும் சிலர் சொன்னார்கள். எவனுக்கும் நிச்சயமாகத் தெரியாது. பிரெஞ்சுப் படையே போய்க்கொண்டிருக்கும்போது, நம் ஊர் சொல்தாவின் பெண்டாட்டிக்காக எவன் இன்னொரு கப்பல் விடுவான்? இதை விட்டால் அவள் புருஷனோடு சேருவது எந்தக் காலமோ. எல்லாருக்கும் அது தெரிந்தே இருந்தது.

இரண்டு டிரங்குப் பெட்டி கட்டினோம். நான் கட்டினேன் என்று சொல்ல முடியாது. நான் குறை சொன்னேன், அவள் கட்டினாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் காரைக் கழுவ ஆரம்பித்தார். வழக்கமாக வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. அந்தத் தடவை அவருக்கு வேறு யோசனை. தங்கையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகிற பயணம்; அதனால் ஐந்து சக்கரத்தையும் கழற்றி, உள்ளே அப்பியிருக்கிற செம்மண்ணைச் சுரண்டி, இடம் மாற்றிப் போட வேண்டும் என்றார். நாலு மூலையிலும் ரப்பர் மரக் கட்டையை அண்டக் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். சக்கரங்களைக் கழுவி வரிசையாக வெயிலில் சாய்த்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் பூஜை. பத்தரைக்குள் நல்ல நேரம் முடிகிறது. ஒன்பதரைக்கு மனுஷன் முதல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு காரைப் பார்க்கப் போனார்.

"என்னாங்க பண்றீங்க? நேரம் போவுது. ஜாக்கியையும் ஸ்பானரையும் கொண்டாந்து வைங்க" என்றேன்.

"அரை மணி நேரம் குடு. மாட்டிட்டு வச்சுடுறேன்."

"சக்கரமும் ஆயுதம்தானே? அதையும் கொண்டாந்து வைங்க. நாளைக்கு எடுத்து மாட்டிக்கலாம். கப்பலு நாளன்னிக்குத்தானே?"

அரை மணி நேரம் தாராளமாக இருந்தது. கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நல்ல நேரத்தைக் காட்டியிருப்பேன். இன்றைக்கு அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

ஆக, ஐந்து சக்கரமும் கூடத்துக்கு வந்தன. சரஸ்வதி படத்துக்கு முன்னால் சுவரோடு சாய்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை போட்டேன், நடுவில் குங்குமம் வைத்தேன், பூச் சுற்றினேன். ஜாக்கி, ஸ்பானர், காற்றடிக்கிற பம்பு, என் அரிவாள்மணை, தங்கையின் கத்தரிக்கோல், அவருடைய பேனா, ஆபீஸ் புத்தகங்கள், எல்லாம் பலகையில் ஏறின. பக்கத்து வீட்டில் ஒரு வியட்நாமியப் பெண், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். வருஷா வருஷம் தன் கத்தியைக் கொண்டுவந்து எங்கள் சாமியிடம் வைப்பாள். அந்த வருஷமும் வைத்தாள். சக்கரங்களிலிருந்து கழற்றிய இருபது நட்டுகளையும் ஒரு பித்தளைத் தட்டில் பரப்பி, நான் என் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் கெட்டியாகச் சந்தனம் பூசினேன். மகா பக்தி!

பூஜை முடிந்தது. எங்கள் வழக்கம் தெரியும் அல்லவா? பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். காய்கூட முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவேன்.

சாப்பிட இலை போட்டபோது மணி பதினொன்றரை இருக்கும். சைகோனிலிருந்து தைநின் போகிற நாட்டுப்புற பஸ் வாசலில் நின்றது. கண்டக்டர் ஒரு சீட்டை நீட்டிவிட்டு ஏறிக்கொண்டான். பஸ் போய்விட்டது. சைகோனில் எங்களுக்குத் தெரிந்த காரைக்கால்காரர் ஒருவர் எழுதியிருந்தார். கப்பல் நாளை மறுநாள் இல்லை, இன்றைக்கே. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றில் தண்ணீர் ஏறும்போது கிளம்புகிறது. நாலே முக்காலுக்குள் ஏறாதவர்களை விட்டுவிட்டுப் போவார்கள்.

என் வீட்டுக்காரர் சீட்டை இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார். அங்கே கார் நாலு கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. அப்புறம் கூடத்தைப் பார்த்தார். அங்கே சக்கரங்கள் பூ வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தன.

சைகோன் போகிற பஸ் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தது. தைநின் போன பஸ் மறுநாள்தான் திரும்பும். தோட்டத்து லாரியைப் பத்ரோன் போகும்போதே விற்றுவிட்டார். எங்கள் கார் ஒன்றுதான் வழி.

"எடுக்கட்டுமா?" என்றார் மெதுவாக.

"எதை?"

"ஸ்பானரை."

"தொட்டீங்கன்னா பாருங்க" என்றேன். "அம்மா முன்னால வச்ச ஆயுதம். ஒரு மணி நேரம் ஆவல, எடுக்கறாராம்! இன்னிக்கு எடுத்து மாட்டி, அந்த வண்டியில குழந்தையை ஏத்திக்கிட்டுப் போயி, வழியில ஒண்ணு ஆச்சுன்னா? ரோட்டுல எவன் எங்க குண்டு வச்சிருக்கான்னு தெரியுமா? சாமி குத்தமும் சேந்துக்கணுமா?"

"கப்பல் போயிடுமேடி."

"போனா போவட்டும். அடுத்த கப்பல் வராமலா போயிடும்?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். வாயாடி அவள், என்னோடு வாயைக் கொடுத்து ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "என்னடி பாக்குற? நானா கப்பலை முன்னாடி கிளப்பினேன்?" என்று அவள் மேலும் பாய்ந்தேன்.

என் வீட்டுக்காரர் சண்டை போடுகிறவர் இல்லை. எழுந்து போய், கட்டை மேல் நின்ற காரின் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து "பாம் பாம்" என்றது. பால் வெட்டுகிறவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு "த்ரோய் ஓய்!" என்றாள். ஐயோ கடவுளே என்று அவர்கள் சொல்லும் வார்த்தை அது.

நான் கூடத்தில் சாமி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். காவல் இருப்பதாக நினைப்பு. வாயில் ஏதோ ஸ்லோகம் ஓடுகிறது, மனசு எங்கேயோ இருக்கிறது. பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. இலையில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது.

அப்போது பக்கத்து அறையில் பெட்டியின் கொக்கியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தங்கை தரையில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டாள். குழந்தையின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் அடுக்கினாள். அப்புறம் புருஷனுக்காகப் பின்னிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எடுத்தாள். ஒரு வருஷமாகப் பின்னியது. அதை மடியில் போட்டுக் கையால் நீவினாள். பிறகு அதையும் மற்றத் துணிகளோடு வைத்தாள்.

அதைப் பார்த்ததும் என் மனசு துள்ளியது. சத்தியமாகச் சொல்கிறேன், துள்ளியது. இருக்கப் போகிறார்கள்! இன்றைக்கு ராத்திரி குழந்தை என் பக்கத்தில்தான் படுக்கும்! நாளைக்குக் காலையில் பச்சரிசியில் அதன் விரலைப் பிடித்து எழுத வைக்கலாம்!

துள்ளிய அடுத்த நிமிஷமே எனக்கு உறைத்தது. நான் சாமிக்குப் பயந்தவள் என்றால் இப்போது வருத்தப்பட வேண்டும். தங்கைக்குக் கப்பல் போகிறதே என்று அழ வேண்டும். நானோ சந்தோஷப்படுகிறேன். அப்படியானால் இத்தனை நேரம் இங்கே உட்கார்ந்து நான் காவல் காத்தது எதை? ஆயுதத்தையா? அடுத்தவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் பிடித்து வைத்துக்கொண்டு, பழியைச் சாமி தலையில் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் எத்தனை விஷயத்தில் இப்படிச் செய்தேனோ தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்தேன். "அம்மா, கோவிச்சுக்காதே. உன் பேரைச் சொல்லி நான் பண்ணினதுக்கு இது ஒண்ணும் பெருசில்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஸ்பானரைக் கையில் எடுத்தேன். குங்குமம் உள்ளங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

வாசலுக்கு வந்து, "என்ன, உக்காந்தே சைகோன் போயிடலாம்னு இருக்கீங்களா? எறங்குங்க!" என்று கத்தினேன்.

மனுஷன் இறங்கிய வேகத்தில் தலையைக் கார்க் கூரையில் இடித்துக்கொண்டார்.

ஜாக்கியை அவர் தூக்கினார். நான் சக்கரத்தை உருட்டினேன். பட்டுப்புடவையை வாரிச் செருகிக்கொண்டு கூடத்திலிருந்து வாசலுக்குச் சக்கரம் உருட்டுகிற பெண்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பூச்சரம் டயரில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வந்தது. முதல் சக்கரத்தைத் தூக்கி மாட்டப் போனேன்.

"அது இல்ல. அது மூணாம் நம்பரு. பின்னால எடது பக்கம் போவணும்" என்றார்.

"மணி ஒண்ணரை ஆவப்போவுது! நம்பரு பாக்குறாரு, நம்பரு!"

"முன்னால நல்ல டயரு இருக்கணும்டி. பாதை முழுக்க சேறு. குழந்தை வர்ற வண்டி." குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் நகரவும் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் நம்பரைப் பின்பக்கம் உருட்டினேன், இரண்டாம் நம்பரை முன்னால் கொண்டுவந்தேன்.

சக்கரம் ஏறியது. நட்டைப் போட்டார். ஏறவில்லை. இன்னொன்றைப் போட்டார். அதுவும் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. நட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே மரையெல்லாம் என் சந்தனம். காலையில் பூசியது, காய்ந்து கல்லாகிவிட்டது. அட்சதை அரிசியும் உள்ளே போய் மாட்டியிருந்தது. இருபது நட்டிலும்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போது தங்கை வந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்தவள், என் கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். படியில் உட்கார்ந்து ஒரு நட்டை எடுத்து மரையைக் குடைய ஆரம்பித்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அதை முடியக்கூட இல்லை. நான் என் கொண்டை ஊசியை உருவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் வெட்டுகிறவள் வேலியைத் தாண்டி வந்து, கூடத்தில் சாமி முன்னால் இருந்த தன் கத்தியை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். "சி ஹாய் எடுத்தாச்சு, நானும் எடுத்தாச்சு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்தாள். மூத்த அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மடியில் நட்டுகளை வைத்துக் குடைகிற மூன்று பெண்கள்! குழந்தை குடைந்து முடித்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது.

மண்ணெண்ணெயில் அலசி, குடைந்து, துடைத்து, மாட்டினோம். ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராகத்தான் முடுக்க வேண்டும் என்பார். வரிசையாக முடுக்கினால் சக்கரம் கோணிக்கொள்ளுமாம். நான் முடுக்கிய சக்கரத்தை அவர் மறுபடி ஒரு தடவை முடுக்கினார். ஒவ்வொரு கட்டையாக உருவி வண்டியை இறக்கினபோது இரண்டே முக்கால். டிரங்குப் பெட்டிக்குள் கவுன்களைத் திரும்ப அள்ளிப் போட்டவள் நான். கம்பளிச் சட்டையை மட்டும் மடித்து மேலாக வைத்தேன்.

நாலு மைல் போயிருப்போம். வண்டியை ஓரம் கட்டினார்.

"என்ன ஆச்சு?" என்று அலறினேன்.

"ஒண்ணும் ஆவல. புதுசா மாட்டினா கொஞ்சம் ஓடினதும் ஒரு தடவை முடுக்கிப் பாக்கணும்."

"உங்க கால்ல விழறேன், ஓட்டுங்க!"

"உன் தங்கச்சி இருக்கா உள்ளே" என்று சொல்லிவிட்டு இறங்கி, நாலு சக்கரத்தையும் முடுக்கிப் பார்த்தார். முன்னால் வலது பக்கத்தில் இரண்டு நட்டு முக்கால் சுற்று இறங்கியது. அப்படியே ஓட்டியிருந்தால் வழியில் சக்கரம் கழன்றிருக்கும்.

வழியில் இரண்டு இடத்தில் பட்டாளம் நிறுத்தியது. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், மூடச் சொன்னார்கள். சைகோனுக்குள் நுழைந்து பென்தான் மார்க்கெட் பக்கம் வந்தபோது மாரியம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். கை முழுக்கக் கறுப்பு மசி. அப்படியே போட்டுக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துக் குழந்தை கெக்கலி கொட்டியது.

துறைமுகத்துக்குள் நுழைந்தபோது நாலரை. புதுச்சேரிக் குடும்பங்கள், காரைக்கால் குடும்பங்கள், தமிழே தெரியாத வியட்நாமியப் பெண்டாட்டிகள், அழுகிற குழந்தைகள் என்று ஒரே கூட்டம். என் வீட்டுக்காரர் பெட்டிகளையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு காகிதம் சரிபார்க்கிற மேஜையைத் தேடி ஓடினார். கப்பல் ஏணிக்குக் கொஞ்சம் தள்ளி நானும் தங்கையும் நின்றோம். குழந்தை என் இடுப்பில்.

தங்கை என் முகத்து மசியைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நீ ஸ்பானரை எடுக்காட்டி நான் போயிருக்க மாட்டேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். அக்கா சொல்லிட்டா, சாமியும் சொல்லிட்டுன்னு இருந்துட்டிருப்பேன். பொட்டியத் தொறந்தேன் பாரு, அது நெசமாத்தான் தொறந்தேன்."

"என்னடி சொல்ற?"

"பயமா இருக்குக்கா. அவரு மொகமே மறந்துபோச்சு. போட்டோவுல பாத்தா யாரோ மாதிரி இருக்கு. அந்தக் குளிருல, தெரியாத ஊருல, இவளை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. நீ 'வா வூட்டுக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் வந்துடறேன்."

கூட்டத்தில் யாரோ என்னை இடித்துக்கொண்டு போனார்கள். வா வீட்டுக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை சாமியைக்கூடக் கூப்பிட வேண்டாம். அவளே கேட்கிறாள். என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மூஞ்சி மறந்துட்டா மறுபடி பாத்தா ஞாபகம் வந்துடும்" என்றேன். "அவன் நல்ல பிள்ளைடி. மாசம் தவறாம எழுதறான். இவளுக்குப் பல்லு முளைச்சுதான்னு எவன்டி கடல் தாண்டி கேப்பான்? காலு வேற முடியல அவனுக்கு. அங்க ஒத்தையில உக்காந்துக்கிட்டு, கப்பல் எப்ப வரும் எப்ப வரும்னு இருப்பான். நீ வரலைன்னா அவன் என்ன ஆவான்?"

மூன்று வருஷமாக நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷனுக்காக, அன்றைக்குத் துறைமுகத்தில் நின்று வாதாடினேன். தங்கை ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து என் காலைத் தொட்டாள். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி அடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் காகிதங்களோடு ஓடி வந்தார். தங்கை குழந்தைக்காகக் கையை நீட்டினாள். குழந்தை என் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மாவும் வரும்" என்றது. என் வீட்டுக்காரர் அதன் கையை விடுவிக்க வந்தார். நான் அவரைத் தடுத்துவிட்டேன். ஒவ்வொரு விரலாக நானே பிரித்து எடுத்து, குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.